கான்ட்ராக்டர் இல்லாமல் வீட்டைப் புதுப்பித்தால் எங்கே சிக்கும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். மாடியில் உள்ள வீடு. 2 குளியலறைகளையும் சமையலறையையும் புதுப்பிக்க வேண்டும். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுக்க வேண்டும். மொத்தமாக ஒருவரிடம் விடாமல் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஆள், பெயிண்டர் என்று தனித்தனியாகப் பேசி, பொருளையும் நாமே வாங்கிக் கொடுத்தால் கான்ட்ராக்டரின் லாபம் மிச்சமாகுமா? அதில் என்ன ஆபத்து?

மிச்சமாகும். ஆனால் அந்த லாபத்துக்கு அவர் பார்க்கிற வேலை உங்கள் தலையில் வந்து விழும். அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு இறங்கினால் சமாளிக்கலாம்.

ஆள் ஒழுங்காக வேலை செய்வாரா என்பதுதான் பெரும்பாலோரின் பயம். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வந்த ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகவே செய்துவிட்டுப் போயிருப்பார்கள், வீடு மட்டும் ஒழுகும். பிளம்பர் விட்ட இடத்துக்கும் டைல்ஸ்காரர் தொட்ட இடத்துக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும். "பைப் சரியாத்தான் போட்டேன், டைல்ஸ் போட்டவர் உடைச்சிருப்பார்" என்பார் ஒருவர். "நான் வரும்போதே ஈரமாத்தான் இருந்துச்சு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கான்ட்ராக்டர் இருந்தால் அந்த நடு இடம் அவர் பொறுப்பு. இல்லாவிட்டால் உங்கள் பொறுப்பு. கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த நடு இடங்களைப் பற்றித்தான்.

முதலில் சுவர்

மற்ற எதில் தவறினாலும் காசு போகும், திரும்பச் செய்துகொள்ளலாம். சுவர் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

"இது வெறும் தடுப்புச் சுவர்தான், எடுத்துடலாம்" என்று இடிக்க வந்தவர் சொல்வதை நம்ப வேண்டாம். கனத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. 230 மி.மீ. சுவர் என்றால் பாரம் தாங்குவது, 115 மி.மீ. என்றால் தடுப்பு என்பது மேலோட்டமான கணக்கு. தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டில் 230 மி.மீ. சுவரும் வெறும் தடுப்பாக இருக்கலாம். பழைய வீட்டில் அரைச் செங்கல் (115 மி.மீ.) சுவரின் மேல் மேல்மாடிச் சுவரோ படிக்கட்டோ உட்கார்ந்திருக்கலாம். கட்டும்போது தடுப்பாக இருந்ததுகூட, வருடக்கணக்கில் ஸ்லாப் கொஞ்சம் தொய்ந்து சுவர்மேல் படிந்துவிட்டால், பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியவை: அதே நேர்கோட்டில் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் சுவர் இருக்கிறதா, சுவரின் இரண்டு முனையிலும் தூண் இருக்கிறதா, சுவருக்கு மேலே தனியாக பீம் தெரிகிறதா, ஸ்லாப்பின் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது. கடைசி விஷயம் வரைபடம் இல்லாமல் வெளியில் தெரியாது. அதனால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, எழுத்தில் கொடுக்க வேண்டும். மொத்தச் செலவில் அவர் கட்டணம் சின்னது. அதை மிச்சம் பிடிப்பது முதலுக்கே மோசம்.

பாரம் தாங்கும் சுவர் என்று தெரிந்தால் வரிசை இப்படிப் போகும். முதலில் இரண்டு பக்கமும் ஸ்லாப்புக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மாடி வீட்டில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் தளத்தில் முட்டாக வைத்த ஜாக்கி அந்தப் பாரத்தைக் கீழ்த்தளத்து ஸ்லாப்பின் மேல் இறக்குகிறது. ஆகவே கீழ்த்தளத்திலும் அதே இடத்துக்கு நேராக முட்டு வேண்டும், தரை வரைக்கும். அதற்குக் கீழ்வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். பிறகு, சுவருக்குப் பதிலாக வரும் பீம் உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் குறைந்தது 150 மி.மீ. தாங்கல் (பீமின் முனை சுவர்மேல் படியும் நீளம்), அதன் அடியில் கான்கிரீட் திண்டு. செங்கல்மேல் நேராக இரும்பு பீமை வைத்தால் செங்கல் நொறுங்கும். கான்கிரீட் பீம் என்றால், 6 மீட்டர் நீளம் வரை முட்டு 14 நாள் நிற்க வேண்டும். ஜாக்கி வாடகையை மிச்சம் பிடிக்க 5-வது நாளே பிரிக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு.

சுவரை எடுத்துவிட்டு அதையே நான்கு அடி தள்ளிக் கட்டலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். 3 மீட்டர் உயரமுள்ள அரைச் செங்கல் சுவர், இரண்டு பக்கப் பூச்சோடு சேர்த்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 800 கிலோ. கீழே பீம் இல்லாத இடத்தில் அது முழுக்க ஸ்லாப்பின் தலையில். எடை குறைந்த பிளாக்கோ ஜிப்சம் போர்டு தடுப்போ போட்டால் கதை வேறு. எது என்றாலும் இன்ஜினீயரைக் கேட்டுத்தான்.

இடித்ததை எங்கே வைக்கிறீர்கள்?

இதை யாரும் கேட்பதே இல்லை. வீடுகளின் ஸ்லாப், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படிதான் வழக்கமாகக் கணக்கிடப்படுகிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் சுவரை இடித்தால் ஏறக்குறைய 2.4 டன் இடிசல் விழும். அதை அறை நடுவில் அரை மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் சதுர மீட்டருக்கு 600 கிலோ, அதாவது மூன்று மடங்கு. சிமென்ட் மூட்டை இன்னும் மோசம். 50 கிலோ மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கினால், அது நிற்கும் கொஞ்ச இடத்தில் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் ஏறுகிறது. இடிக்கிறவருக்கும் இடிசல் அள்ளுகிறவருக்கும் தனித்தனியாகப் பேசியிருந்தால், அள்ளுகிறவர் வரும்வரை குவியல் அங்கேயே கிடக்கும். அதனால் இரண்டையும் ஒரே ஆளிடம், "தினமும் மாலைக்குள் கீழே இறக்க வேண்டும்" என்று சொல்லிப் பேசுங்கள். மூட்டைகளைச் சுவர் ஓரமாகப் பரவலாக, ஐந்துக்கு மேல் அடுக்காமல் வையுங்கள்.

பழைய வீடு என்றால் இடிப்பதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டோ பழைய பைப்போ இருந்தால், உடைக்கும்போது பறக்கும் இழை நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை உடைக்காமல், நனைத்து, முழுதாகக் கழற்றத் தெரிந்தவரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, அதுவும் குழந்தைகள் இருக்கிற வீட்டில்.

காடி எடுக்கும் ஆழம்

பைப்பும் வயரும் பதிக்கச் சுவரில் காடி எடுப்பார்கள். செங்கல் சுவருக்கு நெடுநாளாக உள்ள விதி, மேலிருந்து கீழாக எடுக்கும் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, படுக்கையாக எடுப்பது ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 115 மி.மீ. சுவரில் கணக்குப் போட்டால் நிமிர்ந்த காடி 38 மி.மீ., படுக்கைக் காடி 19 மி.மீ. முக்கால் அங்குல சி.பி.வி.சி. (வெந்நீருக்கும் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பின் வெளிவிட்டமே 22 மி.மீ. அதாவது அரைச் செங்கல் சுவரில் அந்தப் பைப்பைப் படுக்கையாகப் பதிக்கவே இடம் இல்லை. ஆனாலும் தினமும் பதிக்கிறார்கள், ஆறு மாதம் கழித்து அதே கோட்டில் விரிசல் ஓடுகிறது. இந்தப் பக்கம் பிளம்பர், அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் என்று ஒரே உயரத்தில் இரண்டு பக்கமும் வெட்டினால் நடுவில் சுவரே மிஞ்சாது. ஒருவர் வெட்டியது மற்றவருக்குத் தெரியாது. தெரிய வைக்க வேண்டியவர் நீங்கள். வேலை தொடங்கும் முன்பே சுவரில் சாக்பீஸால் இரண்டு பேரின் கோடுகளையும் வரைய வைத்து, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்திப் பேசினால் போதும். பைப்பைத் தரையை ஒட்டிக் கொண்டுபோய், தேவையான இடத்தில் மட்டும் நிமிர்த்தி ஏற்றலாம்.

தூணிலும் பீமிலும் காடி கூடவே கூடாது. ஏ.சி. பைப்புக்கு ஓட்டை போடும்போது கம்பி தட்டுப்பட்டால் நிறுத்திவிட்டு வேறிடம் பார்க்கச் சொல்லுங்கள். "ஒரு கம்பிதானே" என்று அறுத்துவிட்டால் சரி செய்வது லேசான காரியமில்லை.

குளியலறை

தனித்தனி ஆள் வைத்துச் செய்வதில் அதிகம் தோற்கும் இடம் இதுதான். சின்ன அறைக்குள் கொத்தனார், பிளம்பர், வாட்டர்ப்ரூஃபிங் ஆள், டைல்ஸ்காரர், எலக்ட்ரீஷியன் என்று ஐந்து பேர் மாறி மாறி வருகிறார்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் மூடிவிடுகிறார்.

முதல் பிரச்சினை மட்டம். டைல்ஸ் வாங்கப் போவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட வேண்டும். தண்ணீர் வடிய 1:80 வாட்டம், அதாவது 80 மி.மீ. தூரத்துக்கு 1 மி.மீ. இறக்கம், என்று வைப்போம். கதவிலிருந்து வடிகால் ஜாலி 2.4 மீட்டர் தூரத்தில் இருந்தால், கதவருகே தரை 30 மி.மீ. உயர வேண்டும். ஜாலி அருகே டைல்ஸுக்கு அடியில் போடும் தளக் கலவை 40 மி.மீ. என்றால் கதவருகே 70. அதன்மேல் ஒட்டும் பசை 5, டைல்ஸ் 10, மொத்தம் 85 மி.மீ. குளியலறைத் தரை வெளி அறையைவிட 15 மி.மீ. தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் வெளியே வராது. ஆக, வெளியே உள்ள தரை மட்டத்திலிருந்து கீழே 100 மி.மீ. பள்ளம் தேவை. உடைத்துப் பார்த்தால் 75 மி.மீ.தான் இருக்கிறது என்று வையுங்கள். டைல்ஸ்காரர் என்ன செய்வார்? வேலை நிற்கக் கூடாது என்று வாட்டத்தில் கை வைப்பார். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குளித்த பிறகு ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும்போதுதான் தெரியும். ஜாலியைக் கதவிலிருந்து தள்ளாமல் நடுவுக்குக் கொண்டுவருவது, மெல்லிய டைல்ஸ் எடுப்பது, வாசலில் கிரானைட் படி வைப்பது என்று வழிகள் உண்டு. எல்லாமே வடிகால் பைப் பதிப்பதற்கு முன்னால் முடிவாக வேண்டியவை.

கழிப்பறைக் கோப்பையை வேறு சுவருக்கு மாற்றும் ஆசைக்கும் இதே கணக்குதான் முட்டுக்கட்டை. 110 மி.மீ. பைப்பை 2 மீட்டர் தள்ளினால், 1:50 வாட்டத்துக்கு 40 மி.மீ. இறக்கம். பைப்போடு சேர்த்து 150 மி.மீ. ஆழம் தரைக்கு அடியில் வேண்டும், அதற்கு மேல்தான் தளக் கலவை. அந்த ஆழம் இல்லாமல் மாற்றினால் அடைப்பு எடுக்கும் ஆள் அடிக்கடி வந்துபோவார். கோப்பையை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர், அதாவது தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு. அதன் உடல் பகுதியில் "முடிந்த சுவர் இங்கிருந்து இதுவரை" என்று இரண்டு கோடு இருக்கும். டைல்ஸ் முகம் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் வர வேண்டும். பிளம்பர் பதிக்கும்போது சுவர் வெறும் செங்கலாக நிற்கிறது. அதன்மேல் பூச்சு 15, பசை 5, டைல்ஸ் 10 என்று 30 மி.மீ. ஏறும். டைல்ஸ் கனம் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் இன்னும் வாங்கவில்லை. உள்ளே போய்விட்டால் கைப்பிடி எட்டாது, வெளியே நின்றால் மூடித் தட்டு சுவரில் உட்காராது. டைல்ஸ், குழாய் சாமான், கோப்பை மூன்றும் வீட்டுக்கு வந்த பிறகு பிளம்பரைக் கூப்பிடுவது இதனால்தான். படத்தைப் பார்த்து அளவு சொல்வது போதாது.

இனி மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள். இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தண்ணீர் பைப் பதித்து, ஒட்டிய இணைப்புகள் நன்றாகக் காய்ந்த பிறகு, எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, கேஜ் (அழுத்தம் காட்டும் மானி) வைத்த கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். வீட்டில் வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஏற்றும் முன் குழாயில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேஜ் காட்டுவது ஏமாற்றும். மாலையில் ஏற்றி, கேஜைப் போட்டோ எடுத்து, மறுநாள் காலை பாருங்கள். குளிரில் ஒரு நூல் இறங்குவது சகஜம். மளமளவென்று இறங்கியிருந்தால் கசிவு. பூசிய பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போது கண்டுபிடிப்பது ஆயிரம் மடங்கு லாபம்.

வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு தரை முழுக்க, சுவரில் 150 மி.மீ. உயரம் வரை, ஷவர் பக்கம் 1.8 மீட்டர் வரை ஏற வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் சிமென்ட் கலவையால் சாய்த்து உருட்டிவிட்டு, அதன்மேல் வலையோடு பூச வேண்டும். செங்குத்து மூலையில் பூச்சு மெல்லியதாக நின்று கிழிந்துவிடும். இரண்டு கோட், ஒன்றுக்குக் குறுக்கே மற்றொன்று. டப்பாவில் சொன்ன நாள்வரை காய்ந்த பின் ஜாலியை அடைத்து 25 முதல் 50 மி.மீ. தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக்குப் போய் அவர்கள் கூரையைத் தொட்டுப் பாருங்கள். பைப் ஸ்லாப்பைத் துளைத்துப் போகும் இடங்களை முதலில் பாருங்கள், ஒழுகினால் பெரும்பாலும் அங்கேதான்.

இவ்வளவும் சரியாக முடிந்து, அடுத்த வாரம் பிளம்பர் வந்து "ஹெல்த் ஃபாஸெட் லைனை மறந்துட்டேன்" என்று உளி எடுத்தால் எல்லாம் வீண். அப்போது வாட்டர்ப்ரூஃபிங் ஆள் கொடுத்த 10 வருட உத்தரவாதம் செல்லாது. அவர் பூச்சை அடுத்தவர் வெட்டினார் என்பது அவருக்குப் போதுமான காரணம். பிளம்பர், வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ் மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஒழுகினால் யார் என்ற கேள்வியே எழாது.

வயரிங்

சமையலறையைப் புதுப்பிக்கும்போது அலமாரியும் கிரானைட்டும்தான் பேச்சாக இருக்கும். பழைய வயரிங் அப்படியே கிடக்கும். புதிய சமையலறையில் 2.5 கிலோவாட் அவன், 2 கிலோவாட் கெட்டில், 2 கிலோவாட் டிஷ்வாஷர் என்று வந்தால் 6.5 கிலோவாட். 230 வோல்ட் இணைப்பில் அது 28 ஆம்பியர். பழைய சமையலறைக்கு ஒரே ஒரு 2.5 சதுர மி.மீ. லைன் வந்திருக்கும். அது 20 ஆம்பியர் அளவுக்குத்தான் நிம்மதியாகத் தாங்கும். மூன்றும் ஓடும்போது எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழும். "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று சொன்னால், அவசரத்தில் இருக்கும் ஆள் 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு விழாது. வயர் மட்டும் சுவருக்குள் சூடேறிக்கொண்டே இருக்கும். எம்.சி.பி. இருப்பது வயரைக் காக்கத்தான். வயரை மாற்றாமல் எம்.சி.பி.யைப் பெரிதாக்குவது காவலுக்கு இருப்பவரை ஊருக்கு அனுப்புவதற்குச் சமம்.

எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன் ஒரு தாளில் எல்லாக் கருவிகளின் வாட்டையும் எழுதி, எது எந்தச் சுவரில் என்று குறித்துக் கொடுங்கள். பொதுவாக விளக்குக்கு 1.5, சாதாரண பவர் பாயிண்டுக்கு 2.5, கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. செப்பு வயர் என்று போவார்கள். 7 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு 30 ஆம்பியர் இழுக்கும், அதற்குக் குறைந்தது 6, அதுவும் தனி லைன். குளியலறைக்கும் சமையலறைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். எர்த் வயர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று துளை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. கருவிகளை மாட்டும் முன் 500 வோல்ட் மெகரால் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ வயர் நசுங்கியிருக்கிறது, அல்லது ஈரம் ஏறியிருக்கிறது.

பூசி மூடும் முன் ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பிற்பாடு கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

காயும் நாட்கள்

தனித்தனியாக ஆள் வைக்கும்போது எல்லாருக்கும் தேதி கொடுத்தாக வேண்டும். கொடுத்த தேதியில் ஆள் வந்து நிற்பார். கீழே உள்ளது காய்ந்திருக்காது. வந்த ஆளைத் திருப்பி அனுப்ப மனம் வராது. ஈரத்தின் மேலேயே வேலை நடக்கும். புதிய பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும், அதன் பிறகு காய விட வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்போதே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் சில மாதத்தில் உப்புப் பூத்துச் செதில் செதிலாக உரியும். பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை. தளக் கலவை நல்ல காற்றோட்டத்தில் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் காயும் என்பது கணக்கு. 50 மி.மீ. தளம் என்றால் மரத் தரை போடும் முன் ஏழு வாரம். டைல்ஸ் இதைப் பொறுத்துக்கொள்ளும், மரம் பொறுக்காது, ஊதிக் கிளம்பும்.

சமையலறை அலமாரிக்கு அளவு எடுப்பது பூச்சும் தரையும் முடிந்த பிறகுதான். செங்கல் தெரியும்போது எடுத்த அளவில், இரண்டு பக்கமும் பூச்சும் டைல்ஸும் ஏறிய பின் 50, 60 மி.மீ. குறைந்திருக்கும். மூலைமட்டம் வைத்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம். மூலை சதுரமாக இல்லாவிட்டால் கிரானைட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஆப்பு வடிவத்தில் சந்து விழும்.

பொருளை நீங்களே வாங்கும்போது

இதில் மிச்சம் உண்டு என்பது உண்மை. கூடவே ஒரு பொறுப்பும் இடம் மாறுகிறது. ஆள் வாங்கிப் போட்ட குழாய் ஒழுகினால் அவரே வந்து மாற்றித் தருவார். நீங்கள் வாங்கிக் கொடுத்தது ஒழுகினால் கடை குழாயை மட்டும் மாற்றித் தரும். சுவரை உடைத்துத் திரும்பப் பூசும் கூலி உங்களுடையது. அதனால் சுவருக்குள் போகும் பைப், இணைப்பு, வால்வு, வாட்டர்ப்ரூஃபிங் ரசாயனம் இவற்றைச் செய்கிறவரே வாங்கட்டும், எந்தத் தரம் என்பதை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். வெளியில் தெரியும் டைல்ஸ், கைப்பிடி, விளக்கு, கோப்பை ஆகியவற்றை நீங்கள் வாங்குங்கள்.

டைல்ஸ் நேராகப் போடுவதற்கு 10 சதவீதம், மூலைவாட்டாகப் போடுவதற்கு 15 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணும் ஒரே ஷேடு எண்ணும் இருக்க வேண்டும். குறைந்துவிட்டால் இரண்டு மாதம் கழித்து அதே நிறம் கிடைக்காது. ஒட்டும் பசை மி.மீ. கனத்துக்கு, சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ அளவில் ஆகும். சிமென்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் நல்ல இடத்தில் வைத்திருந்தாலும் வலு கணிசமாகக் குறையும்.

பேச்சும் பணமும்

நாள் கூலிக்கு விட்டால் வேலை இழுக்கும். சதுர அடி ரேட்டுக்கு விட்டால் வேலை ஓடும், அவசரத்தில் அடிப்பூச்சு விட்டுப்போகும். நாள் கூலியை இடிப்பது, ரிப்பேர் போன்ற அளவு தெரியாத வேலைக்கு வைத்துக்கொண்டு, டைல்ஸ், பெயிண்ட் போன்ற அளக்கக் கூடிய வேலையை ரேட்டுக்கு விடுங்கள். சண்டை எப்போதும் ரேட்டில் வராது, ரேட்டுக்குள் எது அடக்கம் என்பதில்தான் வரும். கதவு ஜன்னல் அளவைக் கழிப்பதா, டைல்ஸை மாடி ஏற்றுவது யார், இடைவெளியில் கிரவுட் நிரப்புவது அடக்கமா, பழைய டைல்ஸை உடைப்பது தனியா, சாரம் யாருடையது, குப்பை யார் பொறுப்பு. ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் மாற்றத்தையும் தொகையோடு அன்றைக்கே ஒரு மெசேஜாக அனுப்பி, "சரி" வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தை நாள் பார்த்துக் கொடுக்காமல் சோதனை பார்த்துக் கொடுங்கள். அழுத்தச் சோதனை தேறினால் ஒரு தவணை, தண்ணீர் கட்டிப் பார்த்தது தேறினால் அடுத்தது. முன்பணம் முதல் கட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும். கடைசி 5 முதல் 10 சதவீதத்தை வீட்டில் குடியிருந்து சில வாரம் பயன்படுத்திய பின் கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு பிடித்து வைத்தால் அது வம்பு. சுவரையும் தரையையும் திறக்கும் வேலை என்பதால் மொத்த மதிப்பீட்டில் 15 முதல் 20 சதவீதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதை நல்ல குழாய்க்குச் செலவழித்துவிட்டால், திறந்த சுவருக்குள் துருப்பிடித்த கம்பி தெரியும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ஆட்கள் விஷயத்தில் சட்டமும் கவனிக்க வேண்டியது. கான்ட்ராக்டர் இல்லாதபோது வேலைக்கு வைத்தவர் நீங்கள்தான். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் பல இடங்களில் இழப்பீட்டுப் பொறுப்பு வீட்டுக்காரரைத் தேடி வரும். சாதாரண வீட்டுக் காப்பீடு கட்டுமான வேலை நடக்கும்போது ஏற்படும் சேதத்தையோ, கீழ்வீட்டுக்கு ஒழுகிய சேதத்தையோ ஏற்காமல் போகலாம். பாலிசியை எடுத்துப் படித்து, வேலை நடப்பதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சுவர் எடுப்பதற்கு உள்ளாட்சி அனுமதியும், அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதியும் வேண்டியிருக்கலாம். அனுமதி இல்லாமல் எடுத்த சுவர் வீட்டை விற்கும் நாளில் கேள்வியாக வரும்.

உங்கள் வீட்டுக்கு எப்படிப் பிரிப்பது

சுவரை இன்ஜினீயர் வரைந்து கொடுத்தபடி, அந்த வேலை தெரிந்த ஒரே குழுவிடம் முட்டு முதல் பூச்சு வரை விடுங்கள். இன்ஜினீயர் மூன்று முறையாவது வர வேண்டும்: முட்டு வைத்ததும், கான்கிரீட் போடும் முன், முட்டுப் பிரிக்கும் முன். குளியலறைகள் இரண்டையும், வெளியில் தெரியும் பொருளை வாங்குவது நீங்கள், வேலை முழுக்க ஒருவர் என்று கொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் உடைக்க வேண்டாம். ஒன்று முடிந்து தண்ணீர் ஓடிய பிறகு அடுத்தது. முதலாவதில் தெரியும் குறைகள் இரண்டாவதில் வராது, குடியிருப்பவர்களுக்குக் குளிக்க இடமும் இருக்கும். வயரிங், சமையலறை அலமாரி, பெயிண்ட் மூன்றையும் நீங்களே தனித்தனியாக ஆள் வைத்து நடத்தலாம். அங்கே தவறு கண்ணிலோ சோதனையிலோ தெரிந்துவிடும், திருத்தவும் முடியும். வேலை நடக்கும் நாட்களில் காலை அரை மணி நேரமும் மாலை அரை மணி நேரமும் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும், கையில் டேப்பும் ரசமட்டமும் வைத்துக்கொண்டு. அப்படி இருக்க வீட்டில் ஆள் இல்லை என்றால் முழு வேலையையும் கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.